புதிய விரிவுரையாளருக்கு வழிகாட்டி யார்?

பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வெல்லாவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் பெண் வந்தார். போரதீவுப்பற்றின் உட்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். தகப்பன் வயல் செய்கிறவர். சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்பில் சித்தியடைந்து, தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெற்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர்தான். ஊர்ச் சந்தியில் அவருடைய படத்துடன் கட்டிய வாழ்த்துப் பதாகை அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

கையில் ஒரு கோவை வைத்திருந்தார். அதற்குள் நியமனக் கடிதமும் இரண்டு மூன்று சுற்றறிக்கைகளும் இருந்தன.

“மூண்டு வருசம் தகுதிகாண் காலம் எண்டு கடிதத்தில இருக்கு. அதுக்குள்ள நான் என்னென்ன செய்து முடிக்கவேணும் எண்டு யாருட்டக் கேக்கிற, சேர்?”

“உங்கட துறையில கேக்கல்லையா, மகள்?”

“கேட்டன் சேர். எல்லாம் போகப் போக விளங்கும் எண்டு சொன்னாங்க.”

நான் ஓய்வுபெற்ற விரிவுரையாளன். இதே பதிலை நானும் என் முதல் வருடத்தில் கேட்டிருக்கிறேன். பிற்காலத்தில், வேலை நெருக்கடியில், புதியவர்கள் சிலருக்கு அதையே சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பதில் எவ்வளவு விலை பிடிக்கும் என்பதை அறிந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்கு வழிகாட்டல் என்றால் என்ன, அது ஏன் தேவை, எங்கள் பிரதேசத்தில் அது ஏன் இன்னும் கூடுதலாகத் தேவை, அதை எப்படிச் செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

தகுதிகாண் காலம்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஆட்சேர்ப்புக்கும் பதவி உயர்வுக்கும் உரிய விதிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சுற்றறிக்கைகள் மூலம் அறிவிக்கிறது. சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்ற ஒருவர் வழமையாகத் தகுதிகாண் விரிவுரையாளராகவே உள்ளே வருகிறார். முதலில் மூன்று வருடம். தேவைப்பட்டால் அது நீடிக்கப்படும். ஆனால் மொத்தம் எட்டு வருடத்தைத் தாண்ட முடியாது.

அதற்குள் அவர் உரிய பட்டப்பின் தகைமை ஒன்றைப் பெற வேண்டும். உயர்கல்வியில் கற்பித்தல் பற்றிய பயிற்சி நெறியையும் முடிக்க வேண்டும். இவை இல்லாமல் பதவியில் உறுதிப்படுத்தப்பட மாட்டார். சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்ற அடுத்த படிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எட்டு வருடம் என்றால் கேட்பதற்கு நீண்ட காலம் போலிருக்கும். ஆனால் முதல் இரண்டு வருடம் விரிவுரைக் குறிப்புகள் தயாரிப்பதிலேயே போய்விடும். அதன்பின் பட்டப்பின் படிப்புக்கு இடம் தேட வேண்டும், புலமைப்பரிசில் தேட வேண்டும், கற்கை விடுமுறைக்கு அனுமதி பெற வேண்டும். சம்பளத்துடனான கற்கை விடுமுறைக்கு ஒப்பந்தமும் பிணையும் உண்டு. படிப்பு முடிந்து திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் சேவை செய்யாவிட்டால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஆட்கள் வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உத்தியோகக் குடும்பமொன்றில் பிறந்தவருக்கு மாமாவோ சித்தப்பாவோ கையெழுத்து வைப்பார். பாலையடிவட்டையிலோ திக்கோடையிலோ கூலிக்கு வயல் செய்கிறவரின் பிள்ளைக்கு யார் வைப்பார்?

பல்கலைக்கழக அனுமதியில் அரசு இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுகின்றன. அந்தப் பதினாறு மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. மாணவராக நுழையும்போது பிறந்த இடம் கணக்கில் எடுக்கப்படுகிறது. அதே மாணவர் விரிவுரையாளராகும் நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அன்று முதல் எல்லோருக்கும் ஒரே எட்டு வருடம்தான்.

நான் இழந்த இரண்டு வருடம்

நான் முதன்முதலில் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கு வேண்டாம். அங்கு நடந்தது எங்கும் நடக்கக்கூடியது.

சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு முதுமாணிப் படிப்பில் பதிந்துகொண்டேன். வார இறுதி வகுப்புகள், ஒரு வருடத்தில் முடியும், வீட்டுச் செலவைச் சமாளித்துக்கொண்டே படிக்கலாம் என்று மகிழ்ச்சி. கடன் வாங்கிக் கட்டணம் கட்டினேன். படித்து முடித்துச் சான்றிதழும் எடுத்தாகிவிட்டது. ஐந்தாம் வருடம் நிருவாகக் கிளைக்கு வேறு அலுவலாகப் போனபோது, அங்கிருந்த எழுதுவினைஞர் என் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சேர், இது ஆய்வேடு இல்லாத படிப்பெல்லோ? உறுதிப்படுத்தலுக்கு இது காணாது” என்றார். இரண்டு வருடக் கால அளவும் ஆய்வுப் பகுதியும் உள்ள முதுமாணிப் பட்டமே தேவை என்பது சுற்றறிக்கையில் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. என் துறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மறுபடியும் தொடங்கினேன். எட்டு வருடம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது உறுதிப்படுத்தப்பட்டேன். என்னுடன் ஒரே நாளில் சேர்ந்த நண்பருக்கு அந்த நான்கு மாதமும் கிடைக்கவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரர். இன்று வேறொரு தொழிலில் இருக்கிறார்.

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. ஒருவரும் எங்களுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. எங்கள் இருவரிடமும் முதல் வருடத்தில் அரை மணித்தியாலம் இருந்து பேசுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

எழுதப்படாத விதிகள்

புதிய விரிவுரையாளருக்குத் தேவைப்படும் அறிவில் ஒரு பகுதி சுற்றறிக்கைகளில் இருக்கிறது. மற்றப் பகுதி எழுத்தில் எங்கும் இல்லை, ஆட்களிடம்தான் இருக்கிறது. ஒரு வினாத்தாளை எப்படி அமைப்பது, அதை மீளாய்வு செய்பவர் திருத்தம் சொன்னால் எப்படி ஏற்பது, விடைத்தாள்களுக்குப் புள்ளியிடும்போது முதல் மதிப்பீட்டாளருக்கும் இரண்டாம் மதிப்பீட்டாளருக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் என்ன செய்வது, துறைக் கூட்டத்தில் எப்போது பேசுவது, பீடச் சபைக்கு ஒரு முன்மொழிவை எப்படிக் கொண்டுபோவது, எந்த ஆய்விதழ் தரமானது, எது பணத்துக்குக் கட்டுரை போடுவது என்று அந்தப் பட்டியல் நீளும்.

மாணவர் தொடர்பான விடயங்கள் இவற்றைவிடச் சிக்கலானவை. இளம் விரிவுரையாளர் என்பதால் மாணவ ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர் போன்ற வேலைகள் முதல் வருடத்திலேயே தலையில் விழும். பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டு தொலைபேசி எடுக்கும் முதலாம் வருட மாணவனிடம் என்ன பேசுவது, யாருக்கு அறிவிப்பது, எதை எழுத்தில் பதிவது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லித் தராது. அதை முன்பு செய்த ஒருவர்தான் சொல்லித் தரவேண்டும்.

கிழக்கில் இன்னொரு விடயமும் உண்டு. தமிழ்மொழி மூலம் பள்ளிக்கூடம் முடித்த ஒருவர், தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒன்றாக இருக்கும் வகுப்பில் ஆங்கிலத்தில் விரிவுரை எடுக்க வேண்டி வருகிறது. பாடம் தெரியும், மொழியில் தயக்கம். அந்தத் தயக்கத்தை மறைக்க அவர் இரவிரவாகக் குறிப்பெழுதி, அதை அப்படியே வாசிப்பார். மாணவர்கள் சலித்துப்போவார்கள். அவர் இன்னும் கூடுதலாகக் குறிப்பெழுதுவார்.

இது எங்களுக்கு மட்டும் உரிய நிலைமை அல்ல. அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் பொய்ஸ் பல வருடங்கள் புதிய பல்கலைக்கழக ஆசிரியர்களை அவதானித்து 1992 இல் ஒரு நூல் எழுதினார். பெரும்பாலானோர் விரிவுரைத் தயாரிப்பில் அளவுக்கு மீறி நேரத்தைச் செலவழித்து, ஆய்வையும் எழுத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. விரைவாகக் காலூன்றிய சிலரோ தயாரிப்பை மட்டுப்படுத்தி, நாளாந்தம் கொஞ்ச நேரம் எழுதி, சக ஆசிரியர்களிடம் தாமாகவே போய் ஆலோசனை கேட்டவர்கள். ஒரே துறையைச் சேர்ந்த வழிகாட்டிதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை, வேறு துறையைச் சேர்ந்தவரும் நன்றாக வழிகாட்டலாம், இருவரும் தவறாமல் சந்திப்பதுதான் முக்கியம் என்றும் அவர் கண்டார். சிறிய துறைகளைக் கொண்ட எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு இது மிகவும் பயன்படும் முடிவு.

பயிற்சி வேறு, வழிகாட்டல் வேறு

“புதியவர்களுக்குத்தான் பயிற்சி நெறி இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1990களின் பிற்பகுதியில் ஆளணி அபிவிருத்தி நிலையம் தொடங்கியது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய நிலையங்கள் வந்தன. உலக வங்கியின் உதவியுடன் 2003 முதல் அடுத்தடுத்து நடைமுறைப்படுத்தப்பட்ட உயர்கல்வித் திட்டங்களும் கற்பித்தல் தரத்தையும் ஆளணியையும் மேம்படுத்தப் பணம் ஒதுக்கின. இந்தியாவிலும் 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்விப் பணியாளர் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருச்சி ஆகிய இடங்களில் உள்ள பல்கலைக்கழகங்களிலும் அவை இயங்கின.

இந்தப் பயிற்சிகளின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாடத்திட்டம் எழுதவும், கற்றல் பேறுகளை வகுக்கவும், வகுப்பில் மாணவரைப் பேச வைக்கவும் நான் அங்குதான் கற்றேன். ஆனால் பயிற்சி எல்லோருக்கும் பொதுவானது. வழிகாட்டல் ஒருவருக்கானது. பயிற்சிக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. வழிகாட்டலில் பிரச்சினை வரும் நாளில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வழிகாட்டல் பற்றி ஆய்வு செய்தோர் அடிக்கடி குறிப்பிடும் பெயர் கத்தி கிராம். 1985 இல் வெளிவந்த நூலில் அவர் வழிகாட்டியின் பணியை இரண்டாகப் பிரித்தார். முதலாவது தொழில் சார்ந்தது: வாய்ப்புகளை அறிமுகப்படுத்துவது, பொறுப்பான வேலைகளைக் கொடுத்துப் பழக்குவது, தேவையற்ற தாக்குதலிலிருந்து காப்பது. இரண்டாவது மனம் சார்ந்தது: நம்பிக்கை ஊட்டுவது, செவிமடுப்பது, தானே முன்மாதிரியாக இருப்பது. அந்த உறவு தொடங்கி, வளர்ந்து, பிரிந்து, இறுதியில் சமமானவர்களின் நட்பாக மாறும் என்றும் அவர் விளக்கினார். பிரிவதும் வழிகாட்டலின் ஒரு பகுதிதான் என்பதை எங்கள் பக்கத்தில் பலர் ஒப்புக்கொள்வதில்லை.

எங்களிடம் இருந்த சங்கிலி

வழிகாட்டல் என்பது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை. இலங்கைத் தமிழ்க் கல்வியின் சிறந்த பக்கங்கள் அதனால் எழுதப்பட்டவை.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947 இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் க. கணபதிப்பிள்ளை. அவரிடம் படித்துத் துறைக்குள் வந்தவர் சு. வித்தியானந்தன். அவர்களிடம் பேராதனையில் படித்தவர்களில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் உண்டு. பின்னர் இருவரும் பேர்மிங்காம் சென்று ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தனர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதி பொறுப்பேற்றார். அது தனிப் பல்கலைக்கழகமான பின் துணைவேந்தராக வித்தியானந்தன் வந்தார்.

இந்தச் சங்கிலியில் எங்கள் பிரதேசத்துக்கு நெருக்கமான ஒரு கண்ணி இருக்கிறது. 1960களில் வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகளை மேடையேற்றினார். மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க, வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்தார். பேராசிரியருக்குத் தெரியாததைச் சொல்லித் தரக் கிராமத்து அண்ணாவியார் வந்தார். அங்கு ஆடிய மாணவர்களில் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுருவும் ஒருவர். அவர் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ‘இராவணேசனை’ அங்குள்ள மாணவர்களுடன் மறுபடியும் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது செல்லையா அண்ணாவியாரின் ஊரான வந்தாறுமூலையில்.

இந்த வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. அது முழுக்க ஆட்களின் நல்ல மனத்தில் தங்கியிருந்தது. நல்ல ஆசிரியரின் கண்ணில் பட்டவர் வளர்ந்தார். கண்ணில் படாதவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

அறுந்த இடம்

மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 இல் வந்தாறுமூலையில் தொடங்கப்பட்டது. 1986 ஒக்ரோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. நான்கு வருடம்கூடக் கழியவில்லை, யுத்தம் மறுபடியும் மூண்டது. 1990 இல் வளாகமே அகதி முகாமானது. அந்த வருடம் செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கு தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டனர். 2006 டிசெம்பர் 15 ஆம் திகதி, அப்போது துணைவேந்தராக இருந்த பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார்.

ஒரு பல்கலைக்கழகத்தில் மூத்த தலைமுறை உருவாக இருபது, இருபத்தைந்து வருட அமைதி வேண்டும். கிழக்குக்கு அது கிடைக்கவில்லை. இங்கு பேராசிரியர்களாக நிலைத்திருக்க வேண்டிய பலர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் இருக்கிறார்கள். இருந்தவர்கள் தங்கள் பங்குக்கு மேலாக உழைத்தார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாடு முழுவதிலும் இன்னொரு சுற்று வெளியேற்றம் நடந்தது. ஆகவே துறைகளில் மேலே ஒரு சிலர், கீழே பல புதியவர்கள், நடுவில் வெற்றிடம் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. வழிகாட்ட வேண்டிய நடுத்தலைமுறை இல்லாத இடத்தில், அதைத் தற்செயலுக்கு விடுவது ஆபத்தானது.

கூத்துக் களரி சொல்வது

படுவான்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் கூத்தில் யாரும் நேரே மேடைக்குப் போவதில்லை. முதலில் சட்டம் கொடுப்பார்கள். அவரவருக்கு உரிய பாத்திரமும் பாட்டும் கையில் வரும். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். பிழைவிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார். காலில் சதங்கை கட்டுவதற்கே ஒரு நாள் இருக்கிறது. அடுக்குப் பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் சரி என்ற பிறகுதான் அரங்கேற்றம். அரங்கேற்றத்திலும் ஆட்டக்காரர் தனியே நிற்பதில்லை. பின்பாட்டுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணாவியார் களரியை விட்டு இறங்குவதில்லை.

பல்கலைக்கழகத்தில் ஒழுங்கு தலைகீழ். நியமனம் கிடைத்த கிழமையே நூறு மாணவருக்கு முன்னால் அரங்கேற்றம். பழக்கம் பிறகுதான் வருகிறது. அண்ணாவியார் யாரென்பது கடைசிவரை தெரிவதில்லை.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

வழிகாட்டல் என்ற பெயரில் நடக்கும் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். எங்கள் வயல் வழக்கில் போடியாரும் உண்டு, முல்லைக்காரரும் உண்டு. சில மூத்தவர்கள் இளையவரை முல்லைக்காரராக வைத்திருக்கிறார்கள். தங்கள் விரிவுரையை எடுக்கவும், விடைத்தாள் திருத்தவும், ஆய்வுத் தரவு சேர்க்கவும் இளையவர். கட்டுரையில் முதல் பெயர் மூத்தவருடையது. இளையவர் வாய் திறக்க முடியாது, ஏனெனில் உறுதிப்படுத்தல் பரிந்துரையை எழுதுவதும் அதே கைதான்.

ஆகவே முதல் நிபந்தனை, மதிப்பிடுபவரும் வழிகாட்டுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. துறைத்தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரிடம் போய் “எனக்கு இந்தப் பாடம் எடுக்கப் பயமாக இருக்கிறது” என்று புதியவர் ஒருவர் சொல்ல மாட்டார்.

பெண் விரிவுரையாளர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஆண் மூத்தவருடன் அறையில் இருந்து பேசினால் கதை கட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பெண் மூத்தவர்கள் சில துறைகளில் குறைவு. மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் பெரும்பாலும் இந்த எட்டு வருடத்துக்குள்ளேயே வரும். இன்னொரு துறையையோ இன்னொரு பல்கலைக்கழகத்தையோ சேர்ந்த பெண் வழிகாட்டியை இணையவழியாகச் சந்திக்க ஒழுங்கு செய்தால் இதில் பாதி தீரும்.

ஒருவரை மட்டுமே குருவாகப் பற்றிக்கொள்வதும் நல்லதல்ல. கற்பித்தலுக்கு ஒருவர், ஆய்வுக்கு ஒருவர், நிருவாக விடயங்களுக்கு ஒருவர், மனம் சோர்ந்தால் பேசுவதற்கு ஒருவர் என்று நான்கு பேரைத் தேடிக்கொள்வது பாதுகாப்பானது. ஒருவருடன் மனக்கசப்பு வந்தாலும் வாழ்க்கை நின்றுவிடாது.

என்ன செய்யலாம்?

பெரிய பணமில்லாமல் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை இவை.

புதிய விரிவுரையாளர் கடமையேற்கும் அன்றே, அவருடைய வழிகாட்டியின் பெயர் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். அவர் துறைத்தலைவராக இருக்கக் கூடாது. வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்கலாம்.

முதல் தவணையில் கிழமைக்கு ஒரு முறை, அரை மணித்தியாலம். பிறகு மாதம் இரு முறை. இரண்டு வருடத்தில் முறையான ஏற்பாடு முடியலாம். சந்திப்புக்குப் படிவம் நிரப்பும் வேலை வேண்டாம். சந்தித்தார்களா என்பது மட்டும் பதிவானால் போதும். பேசியது இருவருக்குள் இருக்க வேண்டும்.

முதல் மாதத்துக்குள் எட்டு வருடத்துக்கான ஒரு பக்கத் திட்டத்தை இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். எந்தப் பட்டம், எங்கே, எப்போது பதிவு, கற்கை விடுமுறை எப்போது, பிணைக்கு யார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். என்னிடம் அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

முதல் தவணையில் புதியவருக்குப் பாடச்சுமை குறைவாக இருக்க வேண்டும். வழிகாட்டியின் விரிவுரைகள் சிலவற்றில் அவர் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். பிறகு அவருடைய வகுப்பில் வழிகாட்டி வந்து இருக்கட்டும். வழிகாட்டும் மணித்தியாலங்கள் மூத்தவரின் வேலைச்சுமைக் கணக்கில் ஏற வேண்டும். கணக்கில் வராத வேலை நெருக்கடி நாளில் முதலில் கைவிடப்படும்.

ஓய்வுபெற்றவர்களையும் பயன்படுத்தலாம். மட்டக்களப்பிலும் களுவாஞ்சிகுடியிலும் மண்டூரிலும் நாற்பது வருட அனுபவத்துடன் வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதவியும் வேண்டாம், போட்டியும் இல்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள எங்கள் பேராசிரியர்களும் மாதத்தில் ஒரு மணித்தியாலம் தரலாம். நூலகத்துக்குப் புத்தகம் அனுப்புவதைவிட அது சில வேளை பெரிய உதவி.

புதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரும் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கேள்வி கேட்டால் தகுதியில்லாதவர் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் பிரதேசத்துப் பிள்ளைகளிடம் கூடுதலாக உண்டு. எனக்கும் இருந்தது. கேட்டவர்களை யாரும் தகுதியில்லாதவர் என்று நினைத்ததை நான் பார்க்கவில்லை. கேட்காமல் விட்டு வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்று அந்தப் பெண்ணும் நானும் ஒரு வெள்ளைத் தாளில் எட்டுக் கோடுகள் போட்டோம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வருடம். முதலாவதில் பயிற்சி நெறி என்று எழுதினார். இரண்டாவதில் பட்டப்பின் படிப்புக்கான விண்ணப்பம். பிணை என்ற இடம் வந்தபோது பேனையை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஒன்றுக்கு என் பெயரை எழுதச் சொன்னேன். ஓய்வுபெற்றவரின் கையெழுத்து செல்லாமல் போகலாம் என்பதையும் விசாரிக்கச் சொன்னேன். செல்லாவிட்டால் செல்லுபடியாகும் ஒருவரைத் தேடித் தருவதாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை அதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிந்த வேண்டாம், இந்தப் பக்கம் இருட்டினால் யானை இறங்கும் என்று அனுப்பினேன். அடுத்த கிழமை வந்தார், கேள்விகளை எழுதிக்கொண்டு.